வெப், வெப்சாக்கெட் இரண்டுக்கும் ஒரே ப்ராக்ஸி: புதிதாக அமைப்பவர்களுக்கு

உங்கள் செயலி சர்வரில் 3000-ஆம் போர்ட்டில் நன்றாக ஓடுகிறது. முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை, அதாவது வரும் கோரிக்கைகளை வாங்கிச் செயலியிடம் கடத்தும் மென்பொருளை, வைக்கிறீர்கள். பக்கங்கள் எல்லாம் வருகின்றன, வெப்சாக்கெட்டில் (பிரவுசரும் சர்வரும் இருவழியாகப் பேசும் இணைப்பு) ஓடும் அரட்டைப் பெட்டி மட்டும் அசையாமல் கிடக்கிறது. அல்லது அதுவும் வேலை செய்கிறது, ஆனால் ஒரு நிமிடம் யாரும் பேசாவிட்டால் இணைப்பு அறுந்துபோகிறது. இந்த இரண்டு இடங்களிலும் நான் ரொம்பப் பாடுபட்டேன். இணையத்தில் கிடைக்கும் துண்டு துண்டான பதில்களை ஒட்டவைத்துப் பார்த்தால், ஒன்று சரியாகும்போது இன்னொன்று உடையும். நீங்களும் அதே வழியில் அலைய வேண்டாம் என்பதற்காகவே இதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வெப் கோரிக்கை வரும், பதிலை வாங்கும், முடிந்துவிடும். வெப்சாக்கெட் இணைப்பு அப்படி முடிவதில்லை, மணிக்கணக்கில் திறந்தே இருக்கும். ப்ராக்ஸியில் இயல்பாக இருக்கும் அமைப்புகளோ சட்டென்று முடிகிற கோரிக்கைகளுக்காகச் செய்யப்பட்டவை. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எஞ்சின்எக்ஸ் (nginx) என்ற ப்ராக்ஸி மென்பொருளை வைத்து விளக்குகிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்பில் தருகிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு கட்டளையும் அரைப்புள்ளியில் முடிய வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் டொமைன் பெயரின் ஏ பதிவு (டிஎன்எஸ்-இல் ஐபிவி4 முகவரிக்கானது) சர்வரின் ஐபி முகவரியைக் காட்ட வேண்டும். அதோடு ஏஏஏஏ பதிவு (ஐபிவி6 முகவரிக்கானது) ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய சர்வரைக் காட்டும் ஐபிவி6 பதிவு ஒன்று மறந்துபோய்க் கிடந்தால், பின்னால் எச்டிடிபிஎஸ்-க்கான சான்றிதழ் வாங்கும்போது சரிபார்ப்பு அங்கே போய்த் தோற்கும். காரணம் புரியாமல் நீங்கள் எஞ்சின்எக்ஸைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். பயன்படாத பதிவை நீக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே ஓடும் தளத்தைப் புது சர்வருக்கு மாற்றுகிறீர்கள் என்றால், முந்தைய நாளே டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் அளவை (பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். அது 86400 என்று இருந்தால் ஒரு நாள் முழுக்கச் சிலர் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருப்பார்கள்.

80, 443 இரண்டு போர்ட்டும் வெளியிலிருந்து திறந்திருக்க வேண்டும். சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வாலைத் திறந்தால் மட்டும் போதாது. சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் தனியாக இன்னொரு ஃபயர்வால் இருக்கும். புதியவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் அது.

செலவைப் பொறுத்தவரை, எஞ்சின்எக்ஸ் இலவசம், லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழும் இலவசம். டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம், சர்வருக்கு மாத வாடகை, அவ்வளவுதான். கிளவுட் நிறுவனங்கள் தரும் லோட் பேலன்சருக்கு (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்து தருவது) தனியாக மணிக் கணக்கில் பில் ஏறும். ஒரே செயலி, ஒரே சர்வர் என்றால் அது தேவையே இல்லை.

இரண்டு தகவல்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: செயலி எந்த முகவரியில், எந்த போர்ட்டில் கேட்கிறது; வெப்சாக்கெட்டுக்கான பாதை எது. சாக்கெட்.ஐஓ என்ற வெப்சாக்கெட் நூலகத்தைப் பயன்படுத்தினால் அந்தப் பாதை இயல்பாக /சாக்கெட்.ஐஓ/ என்பதுதான்.

2. ப்ராக்ஸி இல்லாமல் ஒருமுறை சோதியுங்கள்

சர்வருக்குள் நுழைந்து, கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி கொண்டு 127.0.0.1:3000 முகவரியைக் கூப்பிட்டுப் பாருங்கள். பக்கம் வர வேண்டும். பிறகு டபிள்யூஎஸ்கேட் அல்லது வெப்சாக்கேட் என்ற சிறு கருவியால் அதே போர்ட்டில் வெப்சாக்கெட் பாதையைத் திறந்து ஒரு செய்தி அனுப்புங்கள். இங்கேயே வேலை செய்யவில்லை என்றால் கோளாறு செயலியில் இருக்கிறது. ப்ராக்ஸியை எவ்வளவு திருத்தினாலும் சரியாகாது.

சோதித்து முடித்ததும், செயலி 0.0.0.0-இல் (எல்லா முகவரிகளிலும்) கேட்காமல் 127.0.0.1-இல் (சர்வருக்குள்ளிருந்து) மட்டும் கேட்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் 3000-ஆம் போர்ட் வழியாக எவரும் ப்ராக்ஸியைத் தாண்டி நேராக உள்ளே வரலாம்.

டாக்கர் (செயலியைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டும் கருவி) பயன்படுத்துபவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டாக்கர் வெளியிடும் போர்ட்டுகளை யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுக்காது, டாக்கர் அதற்கு முன்பாகவே தன் விதிகளைப் போட்டுவிடும். கன்டெய்னருக்குள் செயலி 0.0.0.0-இலேயே கேட்கட்டும், வெளியிடும் போர்ட்டை 3000:3000 என்று கொடுக்காமல் 127.0.0.1:3000:3000 என்று கொடுங்கள். எஞ்சின்எக்ஸும் ஒரு கன்டெய்னருக்குள் ஓடுகிறது என்றால், அதற்கு 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும், செயலியை அல்ல. அப்போது இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் வைத்து, செயலியின் சர்வீஸ் பெயரைக் கொடுக்க வேண்டும்.

3. முதலில் வெப் கோரிக்கைகள் மட்டும்

இரண்டையும் ஒரே நேரத்தில் அமைக்காதீர்கள். எது உடைந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஒரு சர்வர் பிளாக் எழுதி, அதில் லிஸன் 80, சர்வர் நேம் இரண்டையும் கொடுங்கள். உள்ளே வேர்ப்பாதைக்கு (/) ஒரு லொகேஷன் பிளாக். அதற்குள் ப்ராக்ஸி பாஸ் கட்டளையில் செயலியின் முகவரி. இங்கே லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதுங்கள். லோக்கல்ஹோஸ்ட் சில நேரம் ஐபிவி6 முகவரிக்குப் போகும். செயலி ஐபிவி4-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த முயற்சி வீணாகும், லாக்கிலும் பிழை வரிகள் சேரும்.

அடுத்து ப்ராக்ஸி செட் ஹெடர் கட்டளையால் நான்கு ஹெடர்களை (கோரிக்கையோடு போகும் தகவல் வரிகள்) அனுப்புங்கள்: ஹோஸ்ட், எக்ஸ்-ரியல்-ஐபி, எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ. ஹோஸ்டை அனுப்பாவிட்டால், ப்ராக்ஸி பாஸில் எழுதிய முகவரியையே எஞ்சின்எக்ஸ் ஹோஸ்ட் என்று செயலிக்குச் சொல்லும். செயலி உருவாக்கும் இணைப்புகளில் எல்லாம் 127.0.0.1 எட்டிப்பார்க்கும். கடைசி ஹெடரை விட்டுவிட்டால் வேறு தொல்லை. வெளியே எச்டிடிபிஎஸ் இருப்பது செயலிக்குத் தெரியாது. அது எச்டிடிபிஎஸ்-க்குப் போ என்று திருப்பிவிடும், திரும்பி வந்தாலும் மறுபடி அதையே சொல்லும், பிரவுசர் சுற்றிச் சுற்றி வந்து கைவிடும்.

ப்ராக்ஸி பாஸ் முகவரியின் கடைசியில் வரும் ஒற்றைச் சாய்கோடு பலரைப் பாடாய்ப்படுத்தும். லொகேஷன் /ஏபிஐ/ என்று வைத்து, முகவரியைச் சாய்கோடு இல்லாமல் முடித்தால், செயலிக்கு முழுப்பாதையும் அப்படியே போகும். சாய்கோடு போட்டு முடித்தால் /ஏபிஐ/ என்ற பகுதி வெட்டப்பட்டு மீதி மட்டும் போகும். இரண்டுமே சரியான அமைப்புகள்தான், உங்கள் செயலி எதை எதிர்பார்க்கிறது என்பதுதான் கேள்வி. காரணம் தெரியாத 404 வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

கோப்பைச் சேமித்ததும் எஞ்சின்எக்ஸ் கட்டளையை டி (-t) என்ற விருப்பத்தோடு ஓட்டி இலக்கணத்தைச் சரிபாருங்கள். அது சரி என்று சொன்ன பிறகே ரீலோட் செய்யுங்கள்.

ரெட் ஹாட் குடும்பத்து லினக்ஸ்களில் எல்லாம் சரியாக இருந்தும் 502 பிழை (செயலியை எட்ட முடியவில்லை) வரும். எரர் லாக்கில் 13 என்ற எண்ணோடு அனுமதி மறுப்பு என்று இருந்தால், தடுப்பது எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு. அதை முழுவதுமாக அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். எச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட் என்ற ஒரே ஒரு அனுமதியை இயக்கினால் போதும். இயக்கும்போது பெரிய எழுத்து பி (-P) விருப்பத்தையும் சேருங்கள், இல்லாவிட்டால் சர்வர் மறுதொடக்கம் ஆனதும் பழையபடி ஆகிவிடும்.

கோப்புப் பதிவேற்றம் உள்ள தளமா? இயல்பான வரம்பு 1 எம்பி. அதைத் தாண்டினால் 413 வரும். கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்ற கட்டளையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

4. சான்றிதழ்

வெப்சாக்கெட்டுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். எச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து, குறியாக்கம் இல்லாத டபிள்யூஎஸ் இணைப்பைத் திறக்க பிரவுசர் அனுமதிக்காது, டபிள்யூஎஸ்எஸ் ஆக இருக்க வேண்டும். செயலியின் முன்பக்கக் குறிமுறையில் டபிள்யூஎஸ் முகவரியை நிலையாக எழுதியிருந்தால் மாற்றுங்கள்.

லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை வாங்கித் தரும் செர்ட்பாட் கருவியை எஞ்சின்எக்ஸ் விருப்பத்தோடு ஓட்டினால் சான்றிதழை வாங்கி, கான்ஃபிக் கோப்பையும் தானே திருத்திவிடும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் சில நிமிட வேலை. முதல் முயற்சியை செர்ட்ஒன்லி துணைக்கட்டளையில், ஒத்திகை மட்டும் பார்க்கும் ட்ரை-ரன் விருப்பத்தோடு செய்யுங்கள். உண்மையான முயற்சி ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை தோற்றால், கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்படி வாங்கும் சான்றிதழ் 90 நாளுக்குச் செல்லும். செர்ட்பாட் தானே புதுப்பிக்கும், ஆனால் அதற்கான டைமர் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். எல்லாம் எச்டிடிபிஎஸ் ஆகிவிட்டதே என்று 80-ஆம் போர்ட்டை மூடாதீர்கள். புதுப்பிக்கும்போது சரிபார்ப்பு அந்த வழியாகத்தான் வருகிறது.

5. வெப்சாக்கெட்டுக்கான மூன்று வரிகள்

வெப்சாக்கெட் இணைப்பு ஒரு சாதாரண கெட் கோரிக்கையாகத்தான் பிறக்கிறது. அதில் பிரவுசர் இரண்டு ஹெடர்களைச் சேர்க்கிறது: அப்கிரேட் என்பதில் வெப்சாக்கெட் என்ற மதிப்பு, கனெக்‌ஷன் என்பதில் அப்கிரேட் என்ற மதிப்பு. கூடவே தற்செயலாக உருவாக்கிய ஒரு சாவியும் போகும். சர்வர் அந்தச் சாவியிலிருந்து ஒரு பதிலைக் கணக்கிட்டு, 101 என்ற நிலை எண்ணோடு திருப்பி அனுப்பினால், அந்த நொடியிலிருந்து அதே இணைப்பு இருவழிப் பாதையாக மாறிவிடும்.

ப்ராக்ஸி நடுவில் வந்ததும் ஏன் உடைகிறது? அந்த இரண்டு ஹெடர்களும் ஒரு கட்டத்துக்கு மட்டும் உரியவை. பிரவுசருக்கும் ப்ராக்ஸிக்கும் இடையே செல்லுபடியாகுமே தவிர, ப்ராக்ஸி அவற்றை அடுத்தவரிடம் தானாகக் கடத்தாது. செயலிக்குப் போய்ச் சேருவது வெறும் கெட் கோரிக்கை. அது 400 என்றோ 426 என்றோ 404 என்றோ பதில் சொல்லிவிடும்.

அதனால் மூன்று வரிகள் தேவை. ப்ராக்ஸி எச்டிடிபி வெர்ஷன் 1.1 என்பது முதல் வரி. பெரும்பாலான சர்வர்களில் இருக்கும் எஞ்சின்எக்ஸ் பதிப்புகள் செயலியிடம் இயல்பாக 1.0-இல் பேசுகின்றன, அதில் இந்த மாற்றமே நடக்காது. இரண்டாவது, அப்கிரேட் ஹெடரில் எச்டிடிபி அப்கிரேட் என்ற மாறியை (கோப்பில் $http_upgrade) அனுப்புவது, அதாவது பிரவுசர் தந்ததை அப்படியே கடத்துவது. மூன்றாவது கனெக்‌ஷன் ஹெடர்.

மூன்றாவதில் அப்கிரேட் என்ற சொல்லை நேரடியாக எழுதச் சொல்லும் விளக்கங்கள் நிறைய. வெப்சாக்கெட்டுக்கென்று தனி லொகேஷன் வைத்திருந்தால் அது போதும். ஒரே பாதையில் வெப், வெப்சாக்கெட் இரண்டும் வருகிறது என்றால் சாதாரணக் கோரிக்கைகளும் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு போகும். அதற்கு மேப் என்ற பிளாக்கைப் பயன்படுத்துங்கள். எச்டிடிபி அப்கிரேட் மாறி காலியாக இருந்தால் க்ளோஸ், இல்லாவிட்டால் அப்கிரேட் என்று மதிப்பு தரும் புது மாறி ஒன்றை அதில் உருவாக்கி, கனெக்‌ஷன் ஹெடரில் அந்த மாறியைக் கொடுங்கள். மேப் பிளாக்கை சர்வர் பிளாக்குக்கு வெளியே, எச்டிடிபி பிளாக்குக்குள் வைக்க வேண்டும். சர்வருக்குள் வைத்தால் இலக்கணச் சோதனையிலேயே பிழை சொல்லும்.

இனி நான் சொல்லப் போவதை இரண்டு முறை படியுங்கள். மூன்றாம் படியில் எழுதிய நான்கு ஹெடர்களை நீங்கள் சர்வர் பிளாக்கின் மேல்மட்டத்தில் வைத்திருக்கலாம். இப்போது வெப்சாக்கெட் லொகேஷனுக்குள் அப்கிரேட், கனெக்‌ஷன் இரண்டையும் சேர்க்கிறீர்கள். சேர்த்த கணமே, மேலே எழுதிய நான்கும் அந்த லொகேஷனுக்குப் பொருந்தாமல் போகும். ஒரு மட்டத்தில் ஒரே ஒரு ப்ராக்ஸி செட் ஹெடர் இருந்தால்கூட, மேல்மட்டத்தில் உள்ளவை எதுவும் கீழே இறங்காது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஹோஸ்ட் தவறாகப் போகும், செயலி வெப்சாக்கெட்டை மட்டும் மறுக்கும். ஆறு ஹெடர்களையும் ஒரு தனிக் கோப்பில் எழுதி, தேவையான லொகேஷன்களில் இன்க்ளூட் செய்வதுதான் நான் பின்பற்றும் வழி.

6. 101 வருகிறதா?

பிரவுசரில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் டபிள்யூஎஸ் வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தைப் புதுப்பியுங்கள். வெப்சாக்கெட் வரியின் நிலை எண் 101 என்றால் கைகுலுக்கல் முடிந்தது. அதே வரியைச் சொடுக்கி, செய்திகள் இரு பக்கமும் போய் வருகின்றனவா என்று பாருங்கள்.

வேறு எண் வந்தால் அதுவே வழிகாட்டும். 400, 426 என்றால் ஐந்தாம் படியின் மூன்று வரிகளில் ஒன்று விடுபட்டிருக்கிறது. 404 என்றால் பாதை அல்லது சாய்கோடு. 403 என்றால் பெரும்பாலும் செயலியின் ஆரிஜின் சோதனை (எந்தத் தளத்திலிருந்து கோரிக்கை வருகிறது என்று பார்ப்பது). 502 என்றால் செயலி ஓடவில்லை அல்லது முகவரி தவறு. 504 என்றால் செயலி நேரத்துக்குள் பதில் தரவில்லை. 301, 302 என்றால் எங்கோ திருப்பிவிடப்படுகிறது. பக்கங்களுக்குத் திருப்பலைப் பின்தொடரும் பிரவுசர், வெப்சாக்கெட்டுக்கு அதைச் செய்யாது. எனவே முகவரி முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.

கர்ல் மூலம் சோதிப்பவர்கள் எச்டிடிபி 1.1 விருப்பத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது எச்டிடிபி 2-இல் பேசத் தொடங்கக்கூடும், அதில் அப்கிரேட் ஹெடருக்கு இடமில்லை.

லாக் பார்ப்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. எஞ்சின்எக்ஸ் ஒரு கோரிக்கையை ஆக்சஸ் லாக்கில் எழுதுவது அது முடிந்த பிறகுதான். திறந்திருக்கும் வெப்சாக்கெட் அங்கே தெரியவே தெரியாது. கோரிக்கை வரவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பிரவுசர் தாவலை மூடுங்கள், அந்த வரி வந்துவிடும்.

7. அறுந்துபோகும் இணைப்பு

ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் இயல்பாக 60 விநாடி. மொத்த இணைப்புக்கான நேரம் அல்ல இது. செயலியிடமிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை தரவு வருவதற்கு இடையே எவ்வளவு பொறுக்கலாம் என்ற அளவு. பரபரப்பான அரட்டையில் தெரியாது, அமைதியான அறையில் ஒரு நிமிடத்தில் அறுக்கும். சோதிக்கும்போது நன்றாக ஓடியது நேரலையில் உடைவதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

இதை 3600 விநாடிக்கு ஏற்றலாம். ஆனால் வெப்சாக்கெட் லொகேஷனில் மட்டும் ஏற்றுங்கள். தளம் முழுவதற்கும் ஏற்றினால், செயலி மாட்டிக்கொண்டு நிற்கும் சாதாரணக் கோரிக்கைகளும் ஒரு மணி நேரம் தொங்கிக்கொண்டிருக்கும்.

டைம்அவுட்டை ஏற்றுவது மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் எஞ்சின்எக்ஸுக்கு வெளியேயும் இணைப்பை அறுப்பவர்கள் உண்டு. அமேசானின் ஏஎல்பி லோட் பேலன்சரில் இயல்பான வரம்பு 60 விநாடி. அலைபேசி வலையமைப்புகளும் வீட்டு ரவுட்டர்களும் சும்மா கிடக்கும் இணைப்புகளை மறந்துவிடும். அவற்றை நீங்கள் மாற்ற முடியாது. செயலியிலிருந்து 25 அல்லது 30 விநாடிக்கு ஒருமுறை பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பினால் இவை எல்லாமே அடங்கும். பிங் அனுப்புவது சர்வர் பக்கத்து வேலை. பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்டில் வெப்சாக்கெட் பிங் அனுப்ப வழி கிடையாது, வந்த பிங்குக்குப் பாங் பதிலைப் பிரவுசர் தானே தந்துவிடும்.

எவ்வளவு செய்தாலும் இணைப்பு ஒருநாள் அறும். பிரவுசரில் 1006 என்ற மூடல் எண்ணைப் பார்த்தால், முறையாக விடைபெறாமல் அறுந்தது என்று பொருள். மறுபடி இணைக்கும் குறிமுறையில் காத்திருப்பு நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, அதோடு கொஞ்சம் தற்செயல் நேரத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் சர்வர் எழுந்த நொடியில் எல்லோரும் ஒன்றாக வந்து மோதுவார்கள்.

8. எத்தனை பேரைத் தாங்கும்

ஒவ்வொரு வெப்சாக்கெட்டும் எஞ்சின்எக்ஸில் இரண்டு இணைப்புகளைப் பிடித்துக்கொள்கிறது, பிரவுசர் பக்கம் ஒன்று, செயலி பக்கம் ஒன்று. வொர்க்கர் கனெக்‌ஷன்ஸ் 1024 என்றால் ஒரு வொர்க்கருக்கு (எஞ்சின்எக்ஸின் ஒரு செயல்முறைக்கு) ஏறத்தாழ 512 பேர்தான். அதை ஏற்றும்போது வொர்க்கர் ஆர்லிமிட் நோஃபைல் அளவையும் (ஒரு வொர்க்கர் திறக்கக்கூடிய கோப்புகள், இணைப்புகளின் உச்சவரம்பு) சேர்த்து ஏற்றுங்கள்.

செயலியின் பல பிரதிகளை ஓட்டி சாக்கெட்.ஐஓ பயன்படுத்துகிறீர்கள் என்றால், பிரதிகளைப் பட்டியலிடும் அப்ஸ்ட்ரீம் பிளாக்கில், ஒரே முகவரியிலிருந்து வருபவரை ஒரே பிரதிக்கு அனுப்பும் ஐபி ஹேஷ் கட்டளையைச் சேருங்கள். சாக்கெட்.ஐஓ முதலில் சாதாரணக் கோரிக்கைகளில் தொடங்கி, பிறகுதான் வெப்சாக்கெட்டுக்கு மாறும். நடுவில் வேறு பிரதிக்குப் போய்விட்டால் அமர்வு எண் தெரியாது என்று 400 தரும்.

9. யார் வேண்டுமானாலும் இணைய முடியுமா?

முடியும், நீங்கள் தடுக்காவிட்டால். வேறொரு தளத்தின் பக்கம் உங்கள் சர்வருக்கு வெப்சாக்கெட் திறப்பதைப் பிரவுசரின் ஒரே-மூலம் விதி தடுப்பதில்லை. பயனரின் குக்கியும் கூடவே போகக்கூடும். அதனால் செயலி ஆரிஜின் ஹெடரைப் பார்த்து, உங்கள் டொமைன் இல்லையென்றால் மறுக்க வேண்டும். 403 வருகிறது என்பதற்காக ப்ராக்ஸியில் ஆரிஜினைக் காலியாக்கும் குறுக்குவழியைச் செய்துவிடாதீர்கள், அது பூட்டையே கழற்றுவதற்குச் சமம். அனுமதிப் பட்டியலில் உங்கள் டொமைனைச் சேருங்கள்.

பயனரை அடையாளம் காட்டும் டோக்கனை முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் வைத்து அனுப்பினால், அது ஆக்சஸ் லாக்கில் பதிவாகிவிடும். இணைந்த பின் முதல் செய்தியில் அனுப்புவது மேல்.

10. ரீலோட் செய்யும்போது

ரீலோட் செய்தால் புது வொர்க்கர்கள் பிறக்கும். பழையவை தங்களிடம் உள்ள இணைப்புகள் முடியும்வரை காத்திருக்கும். வெப் மட்டும் என்றால் பெரும்பாலும் சில விநாடிகளில் போய்விடும். வெப்சாக்கெட் இருந்தால் மணிக்கணக்கில் போகாது. அடிக்கடி ரீலோட் செய்யும் சர்வரில் செயல்முறைகளின் பட்டியலைப் பாருங்கள், மூடிக்கொண்டிருப்பதாகச் சொல்லும் பழைய வொர்க்கர்கள் வரிசையாக நின்று நினைவகத்தைத் தின்றுகொண்டிருக்கும். செர்ட்பாட் சான்றிதழைப் புதுப்பிக்கும்போதும் ரீலோட் நடக்கிறது.

கான்ஃபிக் கோப்பின் மேல்மட்டத்தில் வொர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட் என்று 10 நிமிடம் கொடுங்கள். அதற்குப் பின் பழைய வொர்க்கர்கள் மீதமுள்ள இணைப்புகளை அறுத்துவிட்டு வெளியேறும். ஏழாம் படியின் மறு-இணைப்புக் குறிமுறை சரியாக இருந்தால் பயனருக்குத் தெரியவே தெரியாது.

வேறு ப்ராக்ஸி என்றால்

கேடி (Caddy) என்ற ப்ராக்ஸியில் ஐந்தாம் படியே கிடையாது, ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று ஒரு வரி எழுதினால் வெப்சாக்கெட்டும் சான்றிதழும் தானாக நடக்கும். சிறிய தளத்துக்குப் புதிதாகத் தொடங்குபவர் என்றால் நான் அதையே பரிந்துரைப்பேன். அப்பாச்சியில் 2.4.47 பதிப்பு முதல் ப்ராக்ஸி பாஸ் வரியிலேயே அப்கிரேட்=வெப்சாக்கெட் என்று சேர்த்தால் போதும், அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு ப்ராக்ஸி டபிள்யூஎஸ்டனல் மாட்யூல் தேவை. எச்ஏப்ராக்ஸி வெப்சாக்கெட்டைத் தானே அடையாளம் காணும். ஆனால் டைம்அவுட் டனல் என்ற அளவைத் தனியாகக் கொடுக்காவிட்டால், வழக்கமான கிளையன்ட், சர்வர் டைம்அவுட்டுகளே வெப்சாக்கெட்டுக்கும் பொருந்தி, சும்மா இருக்கும் இணைப்புகளை அறுத்துவிடும்.